ரூம் வாடகையில் சாப்பாடு சேர்த்தியா? – ஒரு பழைய கேள்வியின் வரலாறு



குடும்பத்தோடு ஏதாவது ஒரு தீம் பார்க்குக்கு இரண்டு நாள் போய்த் தங்கலாம் என்று ஹோட்டல் தேட ஆரம்பித்தால், முதலில் கண்ணில் படுவது அறையின் படம் இல்லை. இ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்று மருந்துச் சீட்டு மாதிரி சில எழுத்துகள்தான். ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே ஜன்னல். ஆனால் நாலு விலை!

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். இ.பி. என்பது ஐரோப்பியன் பிளான், அறை மட்டும். சி.பி. என்பது கான்டினென்டல் பிளான், அறையோடு காலை டிபன். எம்.ஏ.பி. என்பது மாடிஃபைட் அமெரிக்கன் பிளான், அதாவது அறை, காலை டிபன், கூடவே மதியம் அல்லது இரவு ஒரு வேளைச் சாப்பாடு. ஏ.பி. என்பது அமெரிக்கன் பிளான், அறையோடு மூன்று வேளையும்.

வணிகவியல் படிக்கிறவனுக்கு இது வெறும் 'பண்டிலிங்', பல பொருளை ஒரே விலையில் கட்டி விற்பது. தீபாவளி சோப்பு ஆஃபர் மாதிரி. ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சின்னது இல்லை. வெளியூரில் இரவு தங்குகிறவனுக்குச் சோறு போடும் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களைத்தான் இந்தப் பதிவில் வரிசையாகப் பார்க்கப் போகிறோம். கடைசியில் எந்த பிளான் எடுப்பது என்பதற்கும் வந்துவிடுவோம், பயப்பட வேண்டாம் :-)

காஞ்சிக்கு வழி சொன்ன பாட்டு

எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். 500 அடிகள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கிய ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனைப் பார்த்து, "நீயும் போ, வழி இதுதான்" என்று சொல்வதாக அமைந்தது.

பள்ளிக்கூடத்தில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்திருப்போம். இப்போது பயணக் கையேடாக நினைத்துப் படித்துப் பாருங்கள். வழி மட்டும் சொல்வதில்லை. ஒவ்வொரு நிலத்திலும் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சொல்கிறது. எயினர் குடியிருப்பில் சிவந்த அரிசிச் சோறும் உடும்புக் கறியும். இடையர் குடியில் தினைச்சோறும் பாலும். உழவர் வீட்டில் வெண்சோறும் கோழிக்கறியும். அந்தணர் வீட்டில் நல்ல அரிசிச் சோற்றோடு மாங்காய் ஊறுகாய். மீனவர் குடியில் மீன்.

பாணன் தனியாகப் போகிறவன் இல்லை. சுற்றத்தோடு போகிறவன். அதாவது இது குடும்பப் பயணம். வழியெல்லாம் சாப்பாட்டுக்குக் காசு என்ற பேச்சே கிடையாது. வந்தவருக்குச் சோறு போடுவது அந்த வீட்டின் கடமை, அவ்வளவுதான். விருந்தோம்பல் என்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார்.

மணிமேகலையும் காஞ்சிக்கு வந்தவள்தான். பஞ்சத்தில் வாடிய இந்த ஊருக்கு அமுதசுரபியோடு வந்து பசி தீர்த்ததாகக் காப்பியம் சொல்கிறது. காவியக் கதை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஓர் ஊர் தன்னைப் பற்றி எந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதும் வரலாறுதானே?

1801: சத்திரத்து மணி

வீட்டுக்கு வீடு விருந்து என்பது ஒன்றிரண்டு பேருக்குச் சரி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சாலையில் நடந்து போனால்? காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிற கூட்டம் அப்படிப்பட்டது. அதற்கான பதில்தான் சத்திரம்.

தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் போகும் சாலையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதைச் சரபோஜியே எழுதிவைத்திருக்கிறார். 1801ல் கம்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் அது.

ஏன் எழுதினார்? 1799 ஒப்பந்தப்படி தஞ்சை நாட்டின் நிர்வாகமும் வருவாயும் கம்பெனியிடம் போய்விட்டன. சத்திரங்களுக்கு விடப்பட்ட கிராமங்களாவது தன் பொறுப்பில் இருக்கட்டும் என்று மன்னர் வாதாடுகிறார். அதற்காகச் சத்திரத்தில் நடப்பதை விவரமாகச் சொல்கிறார். எந்தச் சாதியாக இருந்தாலும், யோகி, ஜங்கமர், பைராகி யாராக இருந்தாலும் சமைத்த சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமானும் தனியாக. நோயாளிகளுக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டு மூன்று வேளைச் சோறு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல்.

இதில் என்னை நிறுத்தி வைத்த விவரம் ஒன்று உண்டு. சோறு போடுவது நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடுங்கள் என்று கூவி அழைப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். நடந்து நடந்து களைத்து, ராத்திரி லேட்டாக வந்து சேர்ந்தவன், "இப்போது போய் எப்படிக் கேட்பது" என்று கூச்சப்பட்டுத் திண்ணையில் சுருண்டு படுத்திருப்பான். அவனைத் தேடி மணி அடிக்கிறார்கள். அவன் கேட்க வேண்டியதில்லை, கேட்பது சத்திரத்தின் வேலை.

இது இலவசம் போலத் தெரிந்தாலும், நம் பாடப்படி சொன்னால் யாரோ செலவு செய்ததுதான். கிராமங்களின் வருமானத்தில் நடந்தது. அந்தக் கிராமத்தில் உழைத்தவன் விளைவித்த நெல்தான் சத்திரத்தில் வெந்தது. நகரத்தார் காசியில் வைத்த சத்திரத்துக்கு வணிகத்தில் வந்த லாபம். மூலதனம் மாறலாம், முறை ஒன்றுதான். முதலை ஓரிடத்தில் போட்டு, அதன் வருமானத்தில் முன்பின் தெரியாதவனுக்குச் சோறு.

சத்திரத்தைப் பொற்காலம் ஆக்கிவிடவும் கூடாது. எல்லோருக்கும் சோறு உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே பந்தி இல்லை. பல சத்திரங்களில் பந்தி சாதிவாரியாகப் பிரிந்தே இருந்தது. அரிசியும் பருப்பும் தனியாக வாங்கிக்கொண்டவர்களில் பலர், அடுத்தவர் கையால் சமைத்ததைத் தொடமாட்டோம் என்பதற்காகவே வாங்கினார்கள். நள்ளிரவில் அடித்த மணி எல்லோரையும் கூப்பிட்டது. உட்கார வைத்தபோது பிரித்து உட்கார வைத்தது.

ரயில் வந்தது, சோறும் அறையும் பிரிந்தன

1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பிறகு காஞ்சிபுரத்துக்கும் அரக்கோணத்திலிருந்து பாதை வந்தது. 1914ல் பாம்பன் பாலம் திறந்தபோது ராமேஸ்வரம் வரைக்குமே ரயில். வாரக்கணக்கில் நடந்த வழி ஓர் இரவாகச் சுருங்கியது. சாலையோரச் சத்திரத்துக்கு வழிப்போக்கன் குறைந்தான். 1855ல் தஞ்சை அரசே இல்லாமல் போய், சத்திரங்கள் அரசாங்க நிர்வாகத்துக்குள் போயிருந்தன.

ரயில் பயணிக்கு இரண்டு தேவை. ஸ்டேஷனில் சீக்கிரம் சாப்பாடு, இறங்கிய ஊரில் படுக்க இடம். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் விற்க ஆரம்பித்தார்கள். நம் தமிழில் இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹோட்டல் என்றால் தங்கும் இடம். நமக்கு ஹோட்டல் என்றால் இட்லி கிடைக்கும் இடம்! தங்குவதற்கு லாட்ஜ். "ஹோட்டல்ல சாப்டுட்டு லாட்ஜ்ல படுத்தோம்" என்று சொன்னால் வெள்ளைக்காரன் குழம்புவான், நாம் குழம்ப மாட்டோம்.

பழைய லாட்ஜ் வாசலில் "போர்டிங் அண்ட் லாட்ஜிங்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போர்டு என்பது சாப்பாடு வைக்கும் பலகை, மேசை. அதிலிருந்து சாப்பாட்டுக்கே அந்தப் பெயர் வந்தது. ஆக போர்டிங் என்றால் சோறு, லாட்ஜிங் என்றால் படுக்கை. சமையலறை மூடிப் பல காலம் ஆன பிறகும் எத்தனையோ லாட்ஜில் அந்தப் பலகை மட்டும் மாறாமல் தொங்குகிறது. பழைய மீல் பிளானின் எச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இரண்டையும் மறுபடி சேர்த்து, மத்தியதரக் குடும்பம் நம்பி வந்து தங்கும்படி செய்தவர்களில் முக்கியமானவர்கள் உடுப்பிக்காரர்கள். கே. கிருஷ்ணராவ் 1938ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஆரம்பித்தார். கே. சீதாராம ராவின் தாசபிரகாஷ் 1954ல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வந்தது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ பட்டணம் வந்த குடும்பம், சைவச் சாப்பாடும் சுத்தமான அறையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க, நிம்மதியாகத் தங்கியது.

ஆனால் காசு கொடுத்தால் மட்டும் ஒரே பந்தி வந்துவிடவில்லை. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே டிக்கெட், ஒரே ரயில், ஒரே சாப்பாட்டு விலை. உட்காரும் இடம் மட்டும் வேறு! பெரியாரும் அவர் இயக்கமும் தொடர்ந்து எதிர்த்ததில் அந்த ஏற்பாடு 1941ல் ஒழிந்தது. ஹோட்டல் பெயர்ப் பலகையில் "பிராமணாள்" என்ற சொல் அதன் பிறகும் இருந்தது. 1957ல் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் நடந்த மறியல் போராட்டம் அதை அழிக்கத்தான்.

எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். அத்தி வரதர் குளத்திலிருந்து வெளியே வருவது நாற்பது வருடத்துக்கு ஒருமுறை. 1939, 1979, 2019. 1939ல் ரயிலில் தரிசனத்துக்கு வந்த ஒரு குடும்பம், வழியில் ஸ்டேஷனில் சாப்பிட இறங்கியிருந்தால், பசியோடு சேர்த்து சாதியையும் சொல்லித்தான் உட்கார முடியும். 1979ல் அவர்கள் பிள்ளைகள் வந்தபோது அந்தப் பிரிவு போய் 38 வருடம் ஆகியிருந்தது. அவர்கள் கையில் பில் மட்டும் இருந்தால் போதும். எல்லோருக்கும் ஒரே விலை என்பதை நாம் வெறும் வியாபார விஷயமாக நினைக்கிறோம். ஒரே விலைக்கு ஒரே இருக்கை கிடைக்க இவ்வளவு போராட வேண்டியிருந்தது.

அமெரிக்க மணி

இப்போது அந்த நாலு எழுத்துக்கு வருவோம். 19ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்க ஹோட்டல்களில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரே நாள் வாடகை. குறித்த நேரத்தில் மணி அடிக்கும், எல்லோரும் நீள மேசையில் போய் உட்கார வேண்டும். வராதவனுக்கு நஷ்டம், காசு திரும்ப வராது. ஊர் புதிது, வெளியே நல்ல சாப்பாட்டுக் கடை குறைவு என்பதால் அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது.

ஊர்கள் பெரிதாகி, வெளியே கடைகள் பெருகியதும், "நான் சாப்பிடாத சாப்பாட்டுக்கு ஏன் காசு?" என்ற கேள்வி வந்தது. பாஸ்டனில் 1855ல் திறந்த பார்க்கர் ஹவுஸ், அறைக்குத் தனி வாடகை, சாப்பிட்டதற்குத் தனிக் காசு என்ற ஐரோப்பிய முறையை அமெரிக்காவில் பரப்பியதில் பேர் பெற்றது. இரண்டு முறைக்கும் நடுவில் சமரசமாக வந்ததுதான் மாடிஃபைட் அமெரிக்கன் பிளான்.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு சூத்திரம் எடுத்துக்கொள்ளலாம். வாசலுக்கு வெளியே நல்ல சாப்பாடு கிடைக்காத இடத்தில் சாப்பாடு சேர்ந்த பிளான் ஜெயிக்கும். கிடைக்கும் இடத்தில் அறை மட்டும் போதும்.

பார்க்குக்குள் ஒரு நள்ளிரவு

வால்ட் டிஸ்னி 1955ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது, பார்க் கட்டவே பணம் சரியாக இருந்தது. ஹோட்டல் கட்டக் கையில் காசில்லை. ஜாக் ரேதர் என்பவரைக் கட்டச் சொன்னார். டிஸ்னிலேண்ட் ஹோட்டல் அதே வருடம் அக்டோபரில் திறந்தது. பெயர் டிஸ்னியுடையது, கல்லா ரேதருடையது. அந்த ஹோட்டல் டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வர 1988 ஆனது. பார்க்கைச் சுற்றி யார் யாரோ மோட்டல் கட்டிக் காசு பார்த்தார்கள்.

அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. ஃபுளோரிடாவில் அடுத்த பார்க்குக்கு 27,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார்கள். 1971ல் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்தபோது பார்க்கோடு சொந்த ஹோட்டல்களும் சேர்ந்தே திறந்தன. பார்க்கிலிருந்து வெளியே போய்ச் சாப்பிட வேண்டுமென்றால் நீண்ட தூரம் போக வேண்டும். நம் சூத்திரத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வெளியே சாப்பாடு கிடைக்காத நிலைமையைப் பணம் போட்டு உருவாக்கிவிட்டார்கள்!

2005ல் அங்கே டைனிங் பிளான் வந்தது. ஹோட்டல் எடுக்கும்போதே இத்தனை நாளைக்கு இத்தனை சாப்பாடு, இத்தனை நொறுக்குத்தீனி என்று முன்கூட்டியே காசு கட்டிவிட வேண்டும். கொரோனாவால் 2020ல் நின்று, 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. அதன் விதிகளில் ஒன்றைக் கவனியுங்கள். அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு, சாப்பிடாமல் மிச்சமிருக்கும் சாப்பாடு எல்லாம் காலாவதி. பணம் திரும்ப வராது.

இரண்டு நள்ளிரவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1801ல் தஞ்சைச் சாலையில், நள்ளிரவு என்பது சாப்பிடாதவனைத் தேடிப்போய்க் கூப்பிடும் நேரம். ஃபுளோரிடாவில், நள்ளிரவு என்பது சாப்பிடாதவனின் காசு கம்பெனிக்குப் போகும் நேரம். கணக்கியலில் இதற்கு 'பிரேக்கேஜ்' என்று பெயரே உண்டு. வாடிக்கையாளர் முன்பணம் கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவதால் வரும் வருமானம்.

இதைச் சொல்வது கம்பெனியைத் திட்டுவதற்காக இல்லை. அவர்கள் விதியை முன்பே எழுதித்தான் விற்கிறார்கள். சத்திரத்துக்கு ராஜாவின் கிராமங்கள் இருந்தன, கம்பெனிக்குப் பங்குதாரர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே யார் சாப்பிடவில்லை என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு சோறு போடுகிறவனிடம் இருந்தது. இங்கே அது நம்மிடம் வந்துவிட்டது. அப்படியென்றால் நாம்தான் எண்ண வேண்டும்.

நம் ஊர்ப் பார்க்கும் கட்டுச்சாதமும்

நம் பக்கத்துப் பார்க்குகள் பெரும்பாலும் பகல் பார்க்குகள். காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு. 1970களிலேயே கிழக்குக் கடற்கரைப் பக்கம் வி.ஜி.பி. கோல்டன் பீச் இருந்தது. நவோதயா அப்பச்சன் 1995ல் தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா திறந்தார் (மை டியர் குட்டிச்சாத்தான் எடுத்தாரே, அவரேதான்). வொண்டர்லா 2012ல் பெங்களூர்ப் பார்க்கோடு சொந்த ரிசார்ட் சேர்த்தது. அதே வொண்டர்லா 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்திருக்கிறது. 1996ல் தொடங்கிய ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்குள்ளேயே சிதாரா, தாரா என்று ஹோட்டல்கள் உண்டு. ஆக "தங்கிப் பார்ப்பது" என்ற பழக்கம் நம்மிடமும் மெதுவாக வருகிறது.

அதற்கு முன்பு நம்மிடம் இருந்த மீல் பிளான் எது? கட்டுச்சாதம்! புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஓர் எவர்சில்வர் தூக்கு. செலவு குறைவு, யாரும் எந்தப் பந்தியிலும் பிரித்து உட்கார வைக்க முடியாது, பாட்டிக்குப் பத்தியமும் கெடாது. காஞ்சிபுரம் இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் வரதராஜர் கோயில் பிரசாதம். சீக்கிரம் கெடாது. பயணத்துக்கென்றே செய்த மாதிரி.

ஆனால் இந்த பிளானுக்கும் ஒரு விலை உண்டு, அது எந்த பில்லிலும் வராது. எல்லோரும் ஐந்து மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டுமென்றால், அம்மா மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். வேனில் எல்லோரும் பாட்டுப் பாடும்போது அம்மா தூங்கி வழிவார். சாப்பிட நிறுத்தினால் பரிமாறுவதும் அவரே, பாத்திரம் கழுவுவதும் அவரே. குடும்பச் சுற்றுலா என்று பேர், ஒருவருக்கு மட்டும் சமையலறை இடம் மாறியிருக்கிறது. நாங்கள் அடுத்த விடுமுறைக்குப் போகிற இடம் பற்றிப் பேசும்போது, "எனக்கு ஸ்லைடு எல்லாம் வேண்டாம், காலைல யாராவது இட்லி கொடுத்தா போதும்" என்றார் அம்மா. காலை டிபன் சேர்ந்த அறை என்பதன் உண்மையான மதிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. எந்த எக்ஸெல் ஷீட்டிலும் அதற்குக் காலம் இல்லை.

பல பார்க்குகளில் வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது என்பதும் சேர்ந்துகொண்டது. கட்டுச்சாதம் வாசலோடு நின்றுவிடுகிறது. மதியம் உள்ளே இருக்கும் கடையில்தான் சாப்பாடு.

சரி, எதை எடுப்பது?

வரலாறு சொன்னதை வைத்துக் கணக்குப் போடுவோம்.

முதலில், எண்ணிக்கை. ஐந்து பேர், இரண்டு இரவு. முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேருகிறோம், அடுத்த இரண்டு நாளும் பகலில் பார்க். அமெரிக்கன் பிளான் எடுத்தால் ஆளுக்கு ஆறு வேளை, மொத்தம் 30 சாப்பாடு. இரண்டு மதியமும் பார்க்குக்குள் இருப்போம். ஆக 10 சாப்பாடு, மூன்றில் ஒரு பங்கு, காசு கட்டியும் வயிற்றுக்கு வராது. உள்ளே மறுபடி காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும். காலையும் இரவும் சேர்ந்த எம்.ஏ.பி. எடுத்தால் 20 சாப்பாடு, இருபதும் பயன்படும். ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் பாட்டி இருந்தால் இன்னும் குறைத்து எண்ணுங்கள்.

இரண்டாவது, வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது? ஊருக்கு நடுவில் இருக்கும் லாட்ஜ் என்றால் நாலடி நடந்தால் மெஸ் இருக்கும். அறை மட்டும் போதும். ஊருக்கு வெளியே ஒற்றையாக நிற்கும் ரிசார்ட் என்றால், இரவுச் சாப்பாடு சேர்ந்த பிளான்தான் நிம்மதி. ராத்திரி ஒன்பது மணிக்கு, நனைந்து களைத்த குழந்தைகளோடு ஆட்டோ தேடுவது சுற்றுலா ஆகாது.

மூன்றாவது, வரி (இது சொல்லாமல் விட்டால் பி.காம். மாணவனுக்கு அழகில்லை). ஜி.எஸ்.டி. சட்டத்தில் 'கூட்டு வழங்கல்' என்று ஒன்று உண்டு. இயல்பாகச் சேர்ந்தே விற்கப்படும் பொருள்களுக்கு, அதில் முதன்மையானது எதுவோ அதன் வரிதான் மொத்தத்துக்கும். அறையோடு சேர்ந்த காலை டிபன் அப்படித்தான் கருதப்படும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். ஆகவே விலை அதிகமான அறையோடு சேர்ந்து வரும் இட்லிக்கும் 18 சதவீதம். அதே இட்லி வெளியே சாதாரண ஹோட்டலில் 5 சதவீதம். விலையை ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையைப் பாருங்கள்.

நாலாவது, மிச்சமானது என்ன ஆகும்? சாப்பிடாத வேளைக்குப் பதில் உண்டா, டிபன் எத்தனை மணி வரை, குழந்தைக்கு எத்தனை வயது வரை தனிக் காசு இல்லை? இதைப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டும். அந்த மணி நமக்காக அடிக்காது என்று தெரிந்த பிறகு, கடிகாரத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்தாவது, நான் முதலில் வைக்க விரும்புவது. இந்த பிளான் யாருக்கு விடுமுறை கொடுக்கிறது? இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அம்மாவோ அக்காவோ மின்சார அடுப்பும் ரவையும் பையில் தூக்கிக்கொண்டு வந்தால், அந்த மிச்சம் அவர்கள் கணக்கில் எழுதப்பட்ட செலவு.

பழைய மணி இன்னும் ஓயவில்லை

சத்திரத்து ஏற்பாடு முழுக்கப் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். திருமலையில் 1985ல் என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது நித்திய அன்னதானம் தொடங்கியது. அங்கே அறைக்கு வாடகை உண்டு, சோற்றுக்குக் கிடையாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002ல் வந்தது. 2019ல் அத்தி வரதருக்காக 48 நாளும் எங்கள் ஊர் தாங்க முடியாத கூட்டம். லாட்ஜில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் தெருவுக்குத் தெரு யாரோ ஒருவர் சாம்பார் சாதமும் மோரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவரை யாரும் எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்கவில்லை. சத்திரத்தின் தாராளமும் 1941ன் சமத்துவமும் ஒரே தொன்னையில் கிடைத்தது அங்கேதான்.

அடுத்து அவர் வெளியே வரப்போவது 2059ல். அதற்குள் இந்தப் பக்கம் எத்தனை பார்க், எத்தனை ரிசார்ட் வருமோ, எத்தனை புதிய எழுத்துச் சுருக்கம் வருமோ தெரியாது. எதுவாக இருந்தாலும், காசு கட்டும் முன் சாப்பாட்டை எண்ணுங்கள், கூடவே ஆட்களையும் எண்ணுங்கள். சமைப்பவரும் அந்த எண்ணிக்கையில் ஒருவர்.

உங்கள் வீட்டில் எது வழக்கம்? கட்டுச்சாதமா, எம்.ஏ.பி.யா? எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன். அடுத்த பதிவில் சந்திப்போம்.